செடியின் உறக்கத்தை அளந்த மேதை

காரைக்கால் பக்கத்து வாய்க்கால் கரைகளில் தொட்டாற்சிணுங்கியைப் பார்க்காத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

விரலால் தொட்டால் இலை சுருங்கும். சற்றுப் பொறுத்தால் மறுபடி விரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு இது ஒரு வேடிக்கை. பொழுது சாய்ந்தால் யாரும் தொடாமலே இலைகள் மூடிக்கொள்ளும். செடி தூங்கிவிட்டது, அதைத் தொடாதே என்று வீட்டுப் பாட்டி சொல்வாள்.

செடி தூங்குகிறதா? தூங்கினால் எத்தனை மணிக்குத் தூங்குகிறது? எத்தனை மணிக்கு விழிக்கிறது?

இந்தக் கேள்வியை விளையாட்டாக விட்டுவிடாமல், இரவு பகலாக ஒரு செடியை அளந்து பார்த்தார் ஒரு மேதை. அவர்தான் சர் ஜகதீச சந்திர போஸ். பாரதியார் எழுத்தில் அவர் பெயர் வஸு.

மீனவர் மகனின் தோழன்

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி, கிழக்கு வங்காளத்தில் உள்ள மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். அந்தப் பகுதி இன்று பங்களாதேஷ் நாட்டில் இருக்கிறது. தந்தை பகவான் சந்திர போஸ், பரீத்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட்டாக இருந்தவர்.

பெரிய உத்தியோகஸ்தர்கள் தங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய காலம் அது. பகவான் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. மகனை வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தாய்மொழி முதலில் வரவேண்டும், ஏழை எளியவர்களோடு பழக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வகுப்பில் போஸுக்கு ஒரு பக்கம் தந்தையிடம் வேலை பார்த்த முஸ்லிம் சேவகரின் மகன். இன்னொரு பக்கம் ஒரு மீனவரின் மகன். பறவைகள், மிருகங்கள், நீரில் வாழும் பிராணிகள் பற்றிய கதைகளை அவர்கள் வாயால்தான் போஸ் கேட்டார். கடலோரத்து ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதைகளின் ருசியைச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தோழர்கள் வீட்டுக்கு வந்தால், போஸின் தாயார் பேதம் பாராமல் எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே லபோன் பாதிரியார் நடத்திய பௌதிகப் பாடம் போஸைக் கட்டிப் போட்டது. 1880ல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார். ஏற்கெனவே பிடித்திருந்த காய்ச்சல், பிணம் அறுக்கும் அறையின் நெடியில் மோசமாகிவிட்டது. டாக்டர் படிப்பை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். 1885ல் தாய்நாடு திரும்பினார்.

மூன்று வருஷம் சம்பளம் இல்லை

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் அங்கே ஓர் அநியாயம் இருந்தது. வெள்ளைக்கார ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் வேலை தற்காலிகம் என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள்.

போஸ் சண்டை போடவில்லை. வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் போனார். சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல. மூன்று வருஷம்!

வீட்டிலோ கடன் தொல்லை. தந்தை ஊர் நன்மைக்காகத் தொடங்கிய தொழில்கள் நஷ்டப்பட்டு, கடன் தலைக்கு மேல் ஏறியிருந்தது. இந்த நிலையில் 1887ல் கல்யாணமும் நடந்தது. மணமகள் அபலா, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமான நாளில், வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்தவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை.

கல்கத்தாவில் குடியிருக்கப் பணம் ஏது? தம்பதிகள் சந்திரநாகூரில் குடியேறினார்கள். காரைக்காலைப் போல அதுவும் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். நடுவே ஹூக்ளி நதி ஓடுகிறது. போஸ் படகில் அக்கரை போய் கல்லூரிக்குச் செல்வார். படகை இக்கரைக்குத் திருப்பிக்கொண்டு வருவது யார் தெரியுமா? அபலா அம்மையார்தான் துடுப்புப் போடுவார்.

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. மூன்று வருஷச் சம்பளத்தையும் முழுசாக, ஒரே தடவையில் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனுக்குப் போயிற்று.

சுவரைத் துளைத்த அலை

1894ல் போஸ் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆராய்ச்சிக்கூடம் என்று தனியாக எதுவும் கிடையாது. கல்லூரியில் ஒரு சின்ன அறை. கருவி செய்து கொடுத்தவர் ஒரு தகரவேலைக்காரர்.

அடுத்த ஆண்டு கல்கத்தா டவுன் ஹாலில், கண்ணுக்குத் தெரியாத மின்சார அலையைச் சுவருக்கு அப்பால் அனுப்பி மணி அடிக்க வைத்தார். வெடிமருந்தை வெடிக்க வைத்தார். இத்தாலி நாட்டு மார்க்கோனி கம்பியில்லாத் தந்திக்காக இங்கிலாந்தில் மனுப் போட்டது 1896ல்தான். போஸ் அதைக் காசாக்க முயலவில்லை.

அந்த அலைகளைப் பிடிக்கும் கருவிதான் அவரை வேறு பாதைக்கு இழுத்தது. தொடர்ந்து வேலை வாங்கினால் கருவி சோர்ந்து போகும். சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி சுறுசுறுப்பாகும். மனிதனின் தசையும் அப்படித்தானே? உலோகத் துண்டும் களைத்துப் போகிறதா என்று போஸ் யோசித்தார்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பௌதிக மகாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். உயிருள்ள பொருளும் உயிரற்ற பொருளும் தூண்டுதலுக்கு ஒரே மாதிரி பதில் கொடுப்பதைக் கோடு போட்டுக் காட்டினார். அப்போது பாரிஸில் இருந்த சுவாமி விவேகானந்தர் பூரித்துப் போனார்.

கண்ணும் கல்லும்

அந்த நாட்களில் போஸை மிகவும் கவர்ந்தது கண்.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. வெளிச்சம் அதன் மேல் பட்டவுடன் அங்கே சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. நாம் பார்க்கிறோம்.

கலீனா என்ற ஈயக் கனிமத்தைக் கொண்டு போஸ் ஒரு செயற்கைக் கண் செய்தார். வெளிச்சம் பட்டால் அதிலும் மின்சார மாறுதல் தெரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத மின்சார அலைகளும் அதற்குத் 'தெரிந்தன'. நண்பர்கள் வற்புறுத்தியதால், 1904ல் இதற்கு மட்டும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

உண்மையான கண்ணையும் அவர் சோதித்தார். இரண்டு கண்ணும் தனித்தனிப் படம் பார்க்கும் பெட்டி ஒன்று அந்த நாளில் உண்டு. அதில் வலது கண்ணுக்கு ஒரு பக்கம் சாய்ந்த கோடு, இடது கண்ணுக்கு மறு பக்கம் சாய்ந்த கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி போலத் தெரியும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால், உள்ளே தெரியும் உருவம் பெருக்கல் குறியாக நிற்பதில்லை. ஒரு கோடு தோன்றி மறையும். பிறகு மற்றக் கோடு தோன்றி மறையும். ஒரு கண் உழைக்கும்போது மறு கண் ஓய்கிறது என்று போஸ் முடிவு செய்தார். கண்ணுக்குள்ளேயே வேலை நேரமும் ஓய்வு நேரமும் மாறி மாறி வருவதை அவர் கண்டது இப்படித்தான்.

1901ல் லண்டன் ராயல் சொசைட்டியில் பேசினார். உடற்கூறு சாஸ்திரத்தில் பழுத்த பெரியவர் ஒருவர் எழுந்து மறுத்தார். பௌதிகக்காரர் பௌதிகத்தோடு நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. போஸ் ஒரு சொல்லைக்கூட மாற்ற மறுத்தார். கட்டுரை அச்சாகாமல் அலமாரிக்குள் போயிற்று. அதே சபை அவரைத் தன் உறுப்பினராக்க 1920 வரை காத்திருந்தது.

தூங்காத இரவுகள்

போஸ் செடிகளின் பக்கம் திரும்பினார். தொட்டாற்சிணுங்கியும், காற்று இல்லாமலே இலையை ஆட்டிக்கொண்டிருக்கும் தொழுகண்ணியும் அவருக்குப் பிடித்தவை.

செடி தானே தன் கதையை எழுத வேண்டும் என்று நினைத்தார். இலைக்காம்பில் மெல்லிய நூல். நூலின் மறுமுனையில் மயிரிழை போன்ற எழுதுகோல். எதிரே புகைக்கரி பூசிய கண்ணாடி. இலை அசைந்தால் கண்ணாடியில் கோடு விழும். ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அது காட்டியது. பின்னாளில் செய்த கிரெஸ்கோகிராப் என்ற கருவி, செடி வளர்வதைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. எல்லாம் இந்தியத் தொழிலாளிகள் கையால் செய்தவை.

இந்தக் கருவியை வைத்துத்தான் செடியின் உறக்கத்தை அளந்தார். ஒவ்வொரு மணிக்கும் கருவி தானாகவே செடிக்குச் சிறிய மின்சார அதிர்ச்சி கொடுக்கும். செடி எவ்வளவு பதில் கொடுத்தது என்று தானாகவே எழுதும். பகல் முழுவதும், இரவு முழுவதும்.

கிடைத்த முடிவு பாட்டி சொன்னதற்கு நேர்மாறு!

மாலையில் இலை மூடிக்கொண்டாலும் செடியின் உணர்ச்சி குறையவில்லை. மூடிய இலை, விழித்திருக்கும் செடி. இரவு ஏற ஏறத்தான் உணர்ச்சி மங்கியது. காலையில் இலை விரித்து நிற்கும்போதுதான் செடி அசந்து தூங்கியது. எட்டு மணிக்குத் தட்டினாலும் பதில் இல்லாத மயக்கம். பிறகு மெல்ல மெல்லத் தெளிந்து, நடுப்பகலில் முழு விழிப்பு. பட்டணத்து உல்லாசப் பேர்வழிகள் சிலரின் வழக்கமும் இதேதான்.

1914ல் போஸ் இந்தச் செடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, குளிர் தாக்காமல் காப்பாற்றி, கப்பலில் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார். லண்டன், பாரிஸ், வியன்னா நகரங்களில் வெள்ளைக்கார அறிஞர்கள் முன்னால் இந்தியச் செடிகளே சாட்சி சொல்லின.

கும்பிடும் மரம்

பரீத்பூரில் ஓர் ஈச்சமரம் பேர் பெற்றிருந்தது. சாயங்காலம் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் அது தரையை நோக்கித் தலை சாய்க்கும். காலையில் நிமிரும். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் வணங்கினார்கள். நோய் தீரும் என்று காணிக்கை போட்டார்கள்.

போஸ் அந்த மரத்தில் கருவி பொருத்த விரும்பினார். மரத்துக்குச் சொந்தக்காரர் தயங்கினார். சீமைக் கருவி பட்டால் மரத்தின் மகிமை போய்விடுமே என்ற பயம். கருவி நம் நாட்டில் செய்தது, அதைக் கட்டப்போகிறவர் ஒரு பூசாரியின் மகன் என்று தெரிந்த பிறகுதான் சம்மதித்தார்.

மரம் ஒரு நிமிஷமும் சும்மா இருப்பதில்லை என்று கருவி காட்டியது. வெப்பம் ஏறினால் சாய்கிறது. குளிர்ந்தால் நிமிர்கிறது. கோயில் மணிக்கும் மரத்துக்கும் சம்பந்தம் இல்லை. போஸ் பக்தர்களைப் பரிகாசம் செய்யவில்லை. மற்ற மரங்களும் இப்படிச் சிறிதளவு அசைகின்றன, இந்த மரம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி அசைகிறது என்று விளக்கினார்.

1917ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு தம் பிறந்தநாளான நவம்பர் 30ந் தேதி, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். வாழ்நாள் சேமிப்பை அதில் போட்டார். சம்பளம் வாங்காமல் மூன்று வருஷம் உழைத்தவர் கட்டிய கட்டிடம் அது. இன்றும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது.

மேதை தவறவிட்ட ஒன்று

எவ்வளவு பெரியவரும் ஏதோ ஓர் இடத்தில் தவறுவது உண்டு. போஸும் தவறினார்.

செடியின் உறக்கத்துக்குக் காரணம் என்ன? வெளிச்சமும் வெப்பமும்தான் என்று அவர் முடிவு செய்தார். வாழ்நாள் முழுவதும் அவர் தேடியது வெளியே ஒரு தூண்டுதல், உள்ளே ஒரு பதில். ஈச்சமரத்தில் அந்தக் கணக்குச் சரியாக வந்தது. தொட்டாற்சிணுங்கியில் அது போதவில்லை.

போஸ் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, 1729ல், பிரான்ஸ் நாட்டு அறிஞர் மெரான் ஒரு சின்னக் காரியம் செய்திருந்தார். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி ஏறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்திய கதை. தொட்டால் சுருங்கும் செடி ஒன்றை வெயில் புகாத இருட்டில் வைத்துவிட்டார். வெளியே விடிந்தபோது உள்ளே இலை விரிந்தது. வெளியே பொழுது சாய்ந்தபோது உள்ளே இலை மூடியது. 1832ல் சுவிட்சர்லாந்துக்காரர் டி கண்டோல், இரவு பகல் ஓயாத விளக்கு வெளிச்சத்தில் தொட்டாற்சிணுங்கியை வைத்துப் பார்த்தார். அப்போதும் அது முறை தவறாமல் மூடி விரிந்தது. ஆனால் அதன் 'நாள்' 24 மணி அல்ல. 22 அல்லது 23 மணிதான்.

அப்படியானால் செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. சூரியன் அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிப்படுத்துகிறது. போஸின் கருவி எழுதிய கோட்டிலும் அந்தக் கடிகாரத்தின் வேலை இருந்தது. அவர் அதை வெயிலின் கணக்கில் எழுதிவிட்டார்.

1937 நவம்பர் 23ந் தேதி, கிரிதி என்ற ஊரில் போஸ் காலமானார். இன்னும் ஏழு நாளில் 79 வயது நிறைந்திருக்கும்.

அவருக்குப் பிறகு அந்தக் கடிகாரத்தை விஞ்ஞானிகள் எங்கெங்கோ தேடினார்கள். மனிதன் உட்பட, பால் கொடுக்கும் பிராணிகளில் பெரிய கடிகாரம் மூளைக்குள் இருக்கிறது. இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 உயிரணுக்கள் கொண்ட சின்னஞ்சிறு திரள் அது. கண் வழியாக வரும் வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரனும் அவர் குழுவினரும் குகை வௌவால்களை வைத்து இதைச் சோதித்தார்கள். விநாடியில் 2,000ல் ஒரு பங்கு நேரமே மின்னும் ஒரு பளிச் வெளிச்சம், வௌவாலின் கடிகாரத்தை நகர்த்திவிட்டது! 1984ல் இந்த முடிவு வெளியாயிற்று.

கண்ணுக்குள்ளேயும் தனிக் கடிகாரம் உண்டு. 1996ல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு பிராணியின் விழித்திரையைத் தனியாக எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். உடம்பு இல்லை, மூளை இல்லை. ஆனாலும் இரவு நேரத்துச் சுரப்பான மெலடோனின் அந்தத் துண்டில் நாள்தோறும் முறையாக ஏறி இறங்கியது.

வெளிச்சத்தை உணரும் உயிரணுக்கள் விழித்திரையில் இரண்டு வகை என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். மங்கல் வெளிச்சத்துக்குக் குச்சி போன்றவை, நிறம் காணக் கூம்பு போன்றவை. குச்சிகளின் நுனி தேய்ந்து தினமும் உதிரும். அது எப்போது? எலிகளில் விடியற்காலையில்தான். இருட்டிலேயே வைத்திருந்தாலும் விடியும் நேரம் தெரிந்து உதிர்கிறது. அடியிலிருந்து புதிதாக வளர்ந்து, பத்து நாளில் குச்சி புதுசாகிவிடுகிறது. மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பது 2002ல் உறுதியாயிற்று. உருவத்தைக் காட்டுவது அதன் முக்கிய வேலை அல்ல. பகலா, இரவா என்று மூளைக் கடிகாரத்துக்குச் சொல்வதுதான் அதன் வேலை. நீல நிற வெளிச்சம் அதற்கு மிகவும் எட்டும். இரவில் செல்போனை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் தள்ளிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருட்டில் வைத்த செடியின் சோதனையை யார் வீட்டிலும் செய்து பார்க்கலாம். வாய்க்கால் கரையிலிருந்து ஒரு தொட்டாற்சிணுங்கியை வேரோடு, மண்ணோடு எடுத்துத் தொட்டியில் வைக்க வேண்டும். வேர் பிடித்துச் செழித்த பிறகு, ஒரு சாயங்காலம் தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் புகாத அலமாரிக்குள் வைத்து மூடவேண்டும். மறுநாள் சூரியன் நன்றாக ஏறிய பிறகு, தொடாமல் ஆட்டாமல், கதவை மெல்லத் திறந்து பார்க்க வேண்டும். இலைகள் விரிந்திருக்கும்.